நான் தாய்மாமன் ஆன கதை

தை மாதத்தில் எங்கள் காட்டு மரங்களுக்குக் காலை ஒன்பது மணி வரை தலை இருக்காது. பனி இறங்கி சில்வர் ஓக் மரங்களைப் பாதிக்கு மேல் மறைத்துவிடும். மிளகுக் கொடி சுற்றிய அடிமரங்கள் மட்டும் வரிசையாக நிற்கும். மேலே எவ்வளவு காய்த்திருக்கிறது என்று பார்க்க ஏறித்தான் ஆக வேண்டும். ஏழெட்டு வயதிலேயே நான் ஏற ஆரம்பித்துவிட்டேன். ஒற்றை மூங்கிலில் பக்கக் கிளைகளைச் சாண் அளவுக்கு விட்டு வெட்டியிருப்பார்கள். அந்தக் குச்சங்கள்தாம் படி. அப்பா கீழே நின்று மூங்கிலைப் பிடித்துக்கொள்வார். நான் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பனிக்குள் போய்விடுவேன்.

உள்ளே போய்விட்டால் என் கையே எனக்குப் பாதிதான் தெரியும். அம்மாவும் தங்கச்சியும் கீழே பேசுவது வேறு ஏதோ ஊரில் பேசுவது போலக் கேட்கும். மிளகுச் சரங்களைக் கையால் தடவிக் கண்டுபிடித்துக் கிள்ளிப் பையில் போடுவேன். உடம்பு என்று ஒன்று இருப்பதே அப்போது மறந்துபோகும். பனி, ஈரமான இலை, விரல் நுனி, அவ்வளவுதான். பிறகு வாழ்நாளெல்லாம் நான் கண்ட கனவுகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. கனவில் நான் பெண்ணாக இருந்ததில்லை, ஆணாகவும் இருந்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்றாக மட்டும் இருந்தேன்.

எங்கள் மலையில் பெரக்கரை நாடு என்கிற பகுதியில், எங்கள் ஊரில் மிளகு பறிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மரத்தின் மேலே ஆண்கள், கீழே பெண்கள். மேலே இருப்பவர்கள் பறிப்பார்கள், கீழே இருப்பவர்கள் சிந்தியதைப் பொறுக்குவார்கள், சரத்தை உதிர்ப்பார்கள், காயப்போடுவார்கள். குழந்தைகளுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. எடை குறைவு என்று யாரை வேண்டுமானாலும் மேலே அனுப்புவார்கள். அதனால் பதின்மூன்று வயது வரை நான் எந்தப் பக்கம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பதின்மூன்றாம் வயதில், பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சாயங்காலம், பெரிய மனுஷி ஆனேன். வாசல் ஓரத்தில் தழைக் குடிசை கட்டி அதற்குள் என்னை உட்கார வைத்தார்கள். பச்சைத் தழை காயக் காய அதன் வாசனை மாறிக்கொண்டே போனதுதான் அந்த நாட்களில் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. உறவுக்காரப் பெண்கள் வந்து பார்த்தார்கள், களியும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள், சிரித்தார்கள். அவர்கள் யாரையோ பார்க்க வந்திருக்கிறார்கள், அந்த ஆள் வரும்வரை அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. அழவில்லை. தூக்கம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அடுத்த பறிப்பில் நான் மூங்கிலைத் தொட்டபோது அப்பா அதை வாங்கிக்கொண்டார். “இனிக் கீழ இருந்து பொறுக்கு கண்ணு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அந்த வருஷத்திலிருந்து ஏறுவதற்குக் கூலிக்கு ஆள் வைத்தார்.

அதன் பிறகு பெண்ணாக இருப்பதற்கான பாடம் தொடங்கியது. எப்படி உட்கார வேண்டும், எவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாம், ரோட்டில் லாரி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்கி முகத்தை எங்கே திருப்ப வேண்டும் என்றெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்தாள். நான் மக்கு இல்லை, எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். கண்ணாடியில் தெரிந்த பெண்ணிடம் எனக்கு வெறுப்பு எதுவும் இருக்கவில்லை. தங்கச்சியின் சாயல் அவளுக்கு இருந்தது. நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். ஆனால் பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்து வருகிறவரைப் பார்ப்பது போலத்தான் அவளைப் பார்த்தேன்.

ஒரே ஒரு சௌகரியம் இருந்தது. காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். முள் கீறாமல் இருக்க, குளிர் தாங்க. யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. நானும் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கொடியில் போடுவார்கள். நான் கழற்றாமல் அதோடேயே சாப்பிட்டு, அதோடேயே படித்து, அதோடேயே தூங்கினேன். அம்மா கவனித்தாள். ஒரு நாள் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டபோது பிய்ந்திருந்த பொத்தானையும் தைத்து வைத்திருந்தாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டிலிருந்த காலத்தில்தான் அது நடந்தது. வழக்கமாக ஏறுகிற ஆள் அந்த வருஷம் பறிப்பு வேலைக்குக் கேரளாவுக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. சரமெல்லாம் பழுத்துக் குருவி தின்ன ஆரம்பித்திருந்தது. அப்பா தானே ஏறினார். நானும் அம்மாவும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டோம். அவர் பனிக்குள் போனார். கொஞ்ச நேரம் சரம் கிள்ளுகிற ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அம்மா இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள். பதில் வரவில்லை. விழுந்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். ஆறு வருஷம் கழித்து ஏறுகிறேன் என்பது பாதங்களுக்குத் தெரியவில்லை, அவை தானாகவே குச்சங்களைத் தேடிக்கொண்டன. மூங்கில் முடிகிற இடத்தில் அப்பாவின் கால்கள் தெரிந்தன. கொம்பின் மேல் நின்று மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியிருந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஆரது?” என்றார்.

“நாந்தானுங்கப்பா.”

“என்னையப் பாக்காத கண்ணு.”

“பாக்கலீங்க. பனிதானுங்க தெரியுது.”

அவருடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் அப்படியே இருந்தோம். கீழே அம்மா எங்களைப் பார்க்க முடியாது. ஊரும் பார்க்க முடியாது. பனி எங்களைச் சுற்றி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள்தான் மரத்தோடு எங்கோ போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கும்படி இருந்தது. அப்போது அப்பா பேசினார். குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

“எனக்கு உசரம் எப்பவுமே ஆகாது. எங்கப்பன் அடிச்சு ஏத்தியுட்டாரு. ஆம்பளப் பொறப்பு மரம் ஏறாம எப்பிடின்னு. கண்ண மூடிக்கிட்டுத்தான் ஏறுவேன்.”

நான் சின்ன வயதில் ஏறியபோதெல்லாம் அவர் ஏன் கீழேயே நின்றார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரில் அதை மகள் மேல் இருந்த செல்லம் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் என்ன நினைப்பார்கள் என்றார். அப்புறம் நான் எப்படி அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. முகம் தெரியாத இடமாக இருந்ததால் இருக்கலாம்.

“எனக்குப் பொம்பளையா இருக்கறது ஆகலீங்கப்பா.”

அவருடைய காலில் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. பிறகு கேட்டார், “அடுத்த படி எங்க இருக்குது?”

அவர் பாதத்தைப் பிடித்துக் குச்சத்தின் மேல் வைத்தேன். அடுத்த பாதத்தையும் பிடித்து வைத்தேன். அப்படியே படிப்படியாக இருவரும் இறங்கினோம். கீழே வந்ததும் அப்பா வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, தலை சுற்றியதாக அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் என்னை எழுப்பினார். மூங்கிலை மரத்தில் சாத்தி வைத்திருந்தார். “பனி வெலகறதுக்குள்ள எறங்கிரு” என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்தத் தையும் மாசியும், அதற்கடுத்த வருஷமும் நான் அப்படித்தான் ஏறினேன். பனி விலகும்போது நான் கீழே, சட்டையோடு, மற்றப் பெண்களுடன் உட்கார்ந்து சரம் உதிர்த்துக்கொண்டிருப்பேன். ஊரில் எங்கள் மிளகைப் பறித்தது யார் என்று கேட்டவர்களிடம் அப்பா தானே ஏறியதாகச் சொன்னார். ஒரே பொய்யில் எங்கள் இரண்டு பேர் மானமும் காப்பாற்றப்பட்டது. எங்கள் இரண்டு பேரையும் அது கொஞ்சம் சிறுமைப்படுத்தவும் செய்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இருபத்திரண்டாம் வயதில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். நான் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பினேன். முதல் நாள் சாயங்காலம் தங்கச்சியைத்தான் முடி வெட்டச் சொன்னேன். மாட்டேன் என்று அழுதாள், பிறகு வெட்டினாள். மலை இறங்குகிற பஸ்ஸில் அப்பாவின் சட்டையும் ஒரு பேண்டும் போட்டுக்கொண்டு நின்றேன். அதுவரை இடது பக்கப் பெண்கள் சீட்டில் மட்டுமே உட்கார்ந்தவன் நான். கண்டக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல், “தம்பி, உள்ள போய் உக்காரு” என்றார். போய் வலது பக்கம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பஸ் திரும்ப, மலை ஒரு தடவை என் பக்கம் வந்தது, ஒரு தடவை அந்தப் பக்கம் போனது. எனக்குத் தெரிந்த மலைதான், ஆனால் இந்தப் பக்கத்து ஜன்னலில் இருந்து நான் அதைப் பார்த்ததே இல்லை. அடிவாரம் வரும் வரை ‘தம்பி’ என்ற அந்த ஒரு சொல்லை வாயில் போட்டு மிட்டாய் போலக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

திருப்பூரில் மூன்று வருஷம் கழித்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆணாக மாறுவதற்கான ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். ஏழாவது மாதம் குரல் உடைந்தது. அந்த வாரம் அம்மாவுக்குப் போன் செய்தேன். “ஆருங்க பேசறது?” என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த ‘ங்க’ என் நெஞ்சில் குத்தியது. நான்தான் என்றேன். அந்தப் பக்கம் கோழிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மா சொன்னாள், “சளி புடிச்சிருக்குதா சாமி? மொளகு தட்டிப் போட்டுக் குடி.”

அதற்கப்புறம் ஒரு வருஷம் வரை ஒவ்வொரு தடவையும் சளி எப்படியிருக்கிறது என்று விசாரித்தாள். குறையவில்லை என்று நானும் சொன்னேன். அவளுக்கு எல்லாம் தெரியும். சளி என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் அவள் தயாராகிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பேச்சு பெரிய துணையாக இருந்தது. ‘சாமி’ என்று கூப்பிட்டால் ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. ஊரார் விசாரித்தால் “எங்க பெருசு திருப்பூருல இருக்குது, நல்லா இருக்குது” என்பாள். பெருசு வருது, பெருசு போவுது. பல வருஷம் அந்த ஒரு சொல்லை வைத்தே சமாளித்தாள். எனக்கும் அதேபோல ஒரு நிழல் இருந்தது. ‘நான் வந்தேன், நான் சாப்பிட்டேன்’ என்று சொல்கிறவர் யார் என்று தமிழ் கேட்பதில்லை. அடுத்தவர்கள் என்னைப் பற்றிப் பேசும்போதுதான் அவனா அவளா என்ற கேள்வி வரும். நான் தனியாக இருக்கிற வரைக்கும் வராது.

தங்கச்சிக்கு மலையிலேயே ஆலத்தூர் நாட்டில் மாப்பிள்ளை அமைந்தபோது அப்பா போன் செய்தார். கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம், பேச்சு கிளம்பினால் நின்றுபோகும் என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். சொல்லும்போது அழுதார். எனக்குக் கோபம் வந்தது, சரியென்றும் சொன்னேன். முகூர்த்த நேரத்தில் மெஷினில் உட்கார்ந்து கழுத்துப் பட்டி தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பட்டியைத் திருப்பித் திருப்பி மூன்று தடவை தைத்தேன்.

அந்த நாட்களில்தான் அஞ்சல் வழியில் சமூகவியல் படித்தேன். பாலினம் என்பது சமூகம் கொஞ்சம் கொஞ்சமாக நமக்குச் சொல்லிக்கொடுப்பது, நாம் தினமும் செய்து செய்து பழகுவது என்று பாடத்தில் வந்தது. படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாடத்துக்குள்ளேயே நின்றுவிட்டார். எனக்கு ஏன் அது ஒட்டவில்லை என்பதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. எல்லாமே சொல்லிக்கொடுத்து வருவதென்றால் நானும் பெண்ணாகியிருக்க வேண்டும். பிறவியிலேயே எல்லாம் முடிவாகிறதென்றால் ஆணாகப் பிறந்த அப்பாவுக்கு உயரம் பழகியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ, பனிக்குள் தடவித் தடவித்தான் ஒவ்வொருவரும் தன் சரத்தைக் கண்டுபிடிக்கிறோம் போலிருக்கிறது. பரீட்சையில் இதையெல்லாம் எழுத முடியவில்லை. பாஸ் மார்க் வாங்கினேன்.

போன வருஷம் தங்கச்சி போன் செய்தாள். அவளுடைய மகளுக்கு இரண்டு வயது முடிந்து காது குத்து வைத்திருந்தார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பங்காளி முறையில் ஒருவரை உட்கார வைத்துவிடலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“எனக்கு அண்ணன் இருக்குதுன்னு எங்க ஊட்டுல சொல்லிட்டேன்” என்றாள்.

மாமியார் என்ன சொன்னார் என்று கேட்டேன். தங்கச்சி அவரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். அந்த அம்மா போனில் என் படத்தை வாங்கிப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாராம். கடைசியில், வேட்டி கட்டத் தெரியுமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னாராம்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும், உனக்கு மட்டும் பெண்ணாக இருப்பது எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று, பல வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “ஆரு சொன்னா சுலபமா வந்துச்சுன்னு?” என்றாள். “காலை மடக்கி உக்காருன்னு அம்மா கிள்ளிக் கிள்ளி எந்தொடையெல்லாம் கன்னிப்போயிருக்கும். நீ எப்பப் பாத்தாலும் காட்டையே பாத்துக்கிட்டிருந்த. என்னைய எங்க பாத்த?” ஒரே பாயில் படுத்து வளர்ந்தவளை நான் பார்க்கவே இல்லை என்பது உண்மைதான்.

வேட்டி கட்ட எனக்குத் தெரியாது. திருப்பூர் அறையில் போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். நாலு எட்டு வைத்தால் அவிழ்ந்தது. கடைசியில் இடுப்பில் ஒட்டிக்கொள்கிற வேட்டி ஒன்றை வாங்கினேன்.

சீர்ச் சாமான் வாங்க அடிவாரத்துப் பேளுக்குறிச்சி சந்தைக்கு அம்மா இறங்கி வந்திருந்தாள். எட்டு வருஷம் கழித்து அவளை அங்கேதான் பார்த்தேன். மல்லி மூட்டைகளுக்கும் கடுகு மூட்டைகளுக்கும் நடுவில் சின்னதாக நின்றிருந்தாள். நான் கிட்டே போகும்வரை என் முகத்தைப் பார்க்காமல் என் நடையையே பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி என் தாடையைத் தடவினாள். தாடி குத்தியது போல விரலை எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சந்தை இரைச்சல் எங்களை விட்டுத் தள்ளிப்போய்விட்டது போலிருந்தது. வெயிலில் மிளகாய் நெடி மிதந்துகொண்டிருந்தது. எங்கள் இருவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது, நெடி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

சீரகம் அளந்துகொண்டிருந்த வியாபாரி அம்மாவுக்குப் பழக்கமானவர். மலை மிளகை வருஷா வருஷம் அவரிடம்தான் போடுவாள். “ஏனுங்க, கூட ஆருங்க?” என்று கேட்டார்.

அம்மா வாயைத் திறந்தாள். ‘பெருசு’ என்ற சொல் உதடு வரை வந்ததை நான் பார்த்தேன்.

“எங்க பெரியவனுங்க” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுச் சீரகத்தைக் கட்டிக் கொடுத்தார். அவருக்கு அது ஒன்றுமே இல்லை. அம்மா பையை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு முன்னால் வேகமாக நடந்து போய்விட்டாள்.

காது குத்து தங்கச்சி வீட்டார் ஊர்க் கோயிலில் நடந்தது. எல்லோரும் என்னை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அப்பாவின் பங்காளிகளில் ஒரு வீட்டார் வரவில்லை. வந்தவர்களில் ஒரு கிழவி என் பழைய பெயரைச் சொல்லியே மூன்று தடவை கூப்பிட்டாள், மூன்று தடவையும் போய் என்னவென்று கேட்டேன். இரண்டு பேர் சாப்பிடாமல் கிளம்பினார்கள். தங்கச்சி அவர்களைத் தடுக்கவில்லை.

தங்கச்சியின் மாமியார் பலகையைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் அது என்னை முதல்முதலாகப் பார்த்தது. ஆனாலும் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. ஆசாரி கம்பியோடு வந்தார். “மாமன் தலையப் புடிச்சுக்குங்க” என்றார். யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. அப்புறம் இரண்டு கையாலும் அந்தச் சின்னத் தலையைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை வீறிட்டது. இந்தக் குழந்தைக்கும் இன்றைக்கு ஒரு பாடம் ஆரம்பிக்கிறது, அதில் என் கையும் இருக்கிறது என்று மனதுக்குள் ஓடியது. அதை நினைக்க வெட்கமாக இருந்தது. கையை எடுக்கவும் மனம் வரவில்லை.

எல்லாம் முடிந்து பந்தலில் பந்தி நடந்தபோது அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார், பாதியில் விட்டுவிட்டார். நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் என்னிடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அவர் என் இடுப்புப் பக்கம் குனிந்து பார்த்தார். வேட்டியில் முடிச்சு இல்லாததைக் கண்டுவிட்டார். ஒட்டுகிற பட்டையை விரலால் தூக்கிப் பார்த்தார். அது ‘சர்’ரென்று சத்தம் போட்டதும் பயந்து அமுக்கிவிட்டார். அவிழாதா என்று கேட்டார். அவிழாது என்றேன். யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு என் காதோடு சொன்னார்.

“அடுத்த தடவ வரும்போது எனக்கும் ஒண்ணு வாங்கியா.”

குழந்தை அழுது ஓய்ந்து என் மடியிலேயே தூங்கிப்போயிருந்தது. காது இரண்டும் சிவந்திருந்தன. மத்தியானமே பனி வந்து பந்தலின் ஓரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. தங்கச்சி வந்து குழந்தையை வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றேன்.